மலேரியா வராத ரத்தம்

மும்பை சயானில் ஒரு ரத்த வங்கி வாசலில் நின்று கத்திக்கொண்டிருக்கிறேன். பிள்ளை பெற்ற தங்கைக்கு உதிரம் நிற்கவில்லை. அவள் குரூப் ரத்தம் இங்கே தீர்ந்துவிட்டது. என் குரூப் வேறு. தாராவியில் அவள் சந்துக்காரர்கள் கொடுக்க ஓடி வந்தார்கள். இந்த மழையில் எல்லோருக்கும் மலேரியா வந்துபோயிருக்கிறது. ஒருவர் ரத்தத்தையும் எடுக்க மாட்டார்களாம்.

“எங்க சந்துல காய்ச்சல் வராத ஆளு ஏது அண்ணாச்சி?” என்கிறார் தங்கையின் பக்கத்து வீட்டு முருகன். “அணுசக்தி நகர் போவோம், அணு ஆராய்ச்சிக்காரங்க காலனி. அங்க கொசுகூட பாஸ் காட்டித்தான் உள்ள வரும்.”

“அங்க யாரைவே தெரியும்?”

“ஒருத்தனையும் தெரியாது.”

முன்பின் தெரியாதவர் கதவைத் தட்டி ரத்தம் கேட்க வேண்டும். டாக்ஸியில் ஏறுகிறோம். ஆஸ்பத்திரியிலிருந்து மச்சான் போன் அடிக்கிறார். எடுக்கப் பயமாக இருக்கிறது.