ஸ்டெல்லா கொடுத்த 16160399

ஸ்டெல்லா இறந்துட்டாளாம். காலையில் பழைய ஆபீஸ் நண்பர் ஃபோனில் சொன்னார். காய்ச்சல்னு படுத்தவள்... மூணே நாள்.

நானும் அவளும் மூணு வருஷம் சிதம்பரத்தில் ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்த்தோம். ரெண்டு பேருக்கும் ஊர் கடலூர். தினமும் ஒரே பஸ்.

பஸ் கிளம்பினதும் முன்னால் போகிற முதல் வண்டியின் நம்பரை "உடைக்கணும்". அது எந்த எண்ணால் மீதி இல்லாமல் வகுபடும்னு முதலில் சொல்றவளுக்கு ஜன்னல் சீட். எதாலும் வகுபடாத பகா எண் வந்தால் பாதிப் பாதி... புதுச்சத்திரத்தில் இடம் மாறிக்கணும்.

ஜன்னல் பெரும்பாலும் அவளுக்குத்தான். "மூவாயிரத்து எழுநூத்தி அம்பத்தேழு... பதிமூணால போவுதுடி, நவுரு!" நான் அப்பதான் மூணால் வகுக்க ஆரம்பிச்சிருப்பேன். எரிச்சலா வரும்.

ஆபீஸில் என் ஸ்டாஃப் நம்பர் 4019. அவளது 4021. நடுவில் 4020ஆகச் சேர்ந்தவர் ஒரே வாரத்தில் ஓடிட்டார். அவர் நாற்காலி மட்டும் எங்க ரெண்டு பேருக்கும் நடுவில் அப்படியே கிடந்தது. எங்க டிபன் பைகள் அதில்தான் இருக்கும்.

2009-ல் எனக்குக் கல்யாணம். வேலையை விட்டுட்டு ஓசூர் கிளம்பினேன். கடைசி நாள் பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் ஒரு எண் எழுதிக் கொடுத்தாள். 16160399.

"இத உடைச்சிட்டு ஃபோன் பண்ணு. உடைக்காம பண்ணா எடுக்கவே மாட்டேன், ஆமா."

விளையாட்டுக்குத்தான் சொன்னாள். நான்தான் அதைப் பிடிச்சிக்கிட்டுத் தொங்கினேன். வீம்பு.

மூணு, ஏழு, பதினொண்ணு... ஆயிரம் தாண்டியும் கால்குலேட்டரில் வகுத்துப் பார்த்தேன். ஒண்ணும் நடக்கல. "பகா எண்தான், உடையாது"ன்னு மெசேஜ் போட்டேன்.

"உடையும்டி லூசு. ஒண்ணு கூட்டிப் பாரு"ன்னு பதில் வந்தது. கிண்டல் பண்றாள்னு நினைச்சு விட்டுட்டேன்.

அப்புறம் வீடு, குழந்தை... அவளை நினைக்காத வாரம் இல்லை. ஆனா ஃபோன் பண்ணல. கண்டுபிடிச்சிட்டுப் பண்ணலாம், கண்டுபிடிச்சிட்டுப் பண்ணலாம்னே மூணு வருஷம் போயிடுச்சு.

டிக்கெட் இன்னும் என் பர்ஸில்தான் இருக்கு. இன்னைக்கு எடுத்து, ஒண்ணு கூட்டினேன்.

16160400. அது 4020 × 4020. எங்க டிபன் பை நாற்காலி.

ஒரு எண்ணை அதாலேயே பெருக்கி ஒண்ணு கழிச்சா, அதுக்கு முந்தின எண்ணையும் அடுத்த எண்ணையும் பெருக்கினது வரும்... ஸ்கூல் கணக்குதான். அப்படின்னா அவள் எழுதின எண்... அந்த நாற்காலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். 4019 × 4021. நானும் அவளும்.

ரெண்டுமே பகா எண். எங்க ரெண்டு பேரைத் தவிர வேற எதாலும் அது உடையாது. அஞ்சு நிமிஷம்கூட ஆகல கண்டுபிடிக்க.

அவள் நம்பருக்கு இப்பவரைக்கும் நாலு தடவை அடிச்சிட்டேன். ரிங் போகுது...

உடைச்சிட்டேன் ஸ்டெல்லா. எடுடி.