மாலேயிலும் வளையம் பத்தடி உயரம்தான்

எங்கள் மலைச்சாரல் கூடைப்பந்துக் கழகத்தின் பொன்விழா மலருக்கு வாழ்க்கைக் குறிப்புகள் எழுதும் பொறுப்பை என்னிடம் தந்தார்கள். கூடவே ஒரு நிபந்தனை: புகழ்ச் சுவரில் பெயர் உள்ளவர்களைப் பற்றி மட்டும் எழுத வேண்டும். அவர்கள் எல்லாரைப் பற்றியும் எழுதிக் கொடுத்துவிட்டேன். இது சுவரில் பெயர் இல்லாத ஒருவரைப் பற்றியது. இதை மலரிலிருந்து எடுப்பதென்றால் என் பெயரையும் சேர்த்து எடுத்துவிடட்டும்.

முதலில் அந்தச் சுவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்துக்கு மேலே எங்கள் கோர்ட்டை ஒட்டி ஓர் அறை இருக்கிறது. பந்து, வலை, பிளாஸ்டிக் கதிரை, தேநீர்க் கேத்தல் எல்லாம் அங்கேதான். பொன்விழாவுக்காக அதன் உட்சுவருக்கு வெள்ளை டைல்ஸ் பதித்துப் ‘புகழ் மண்டபம்’ என்று பெயர் வைத்தார்கள். டைல்ஸ் தந்தவர் கழகத் தலைவர் ஸாகி ஹாஜியார். பிலிமத்தலாவையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறார். சுவரில் பெயர் ஏறியவருக்கு மரியாதை மட்டுமல்ல, ஓர் உரிமையும் உண்டு. அவர் பயிற்றுவிக்கும் அணிக்கு ஆயுள் முழுக்க வாரம் ஒரு மணித்தியாலம் கோர்ட் கிடைக்கும். கண்டியில் கோர்ட் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தவர்களுக்கு அந்த ஒரு மணித்தியாலத்தின் அருமை தெரியும்.

நான் எழுத வந்த நஸ்லியாவுக்கு அதுதான் தேவைப்பட்டது. பிலிமத்தலாவையில் லொறிகள் நிற்கும் ஒரு வளவில், கம்பியை வளைத்து ஒட்டவைத்த வளையத்தின் கீழ், சனிக்கிழமைகளில் அவர் பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுக்கிறார். எல்லாரும் தலையை மூடி ஆடுகிறவர்கள். லொறி வந்தால் பயிற்சி நிற்கும். மழை பெய்தால் வளவு சேறாகிவிடும்.

பிலிமத்தலாவையில் பிறந்து வளர்ந்தவர் நஸ்லியா. பத்தாம் வகுப்பிலேயே ஆசிரியைகளைவிட உயரம். பாடசாலை அணி, பிறகு எங்கள் கழகம். இருபது வயதில் தேசிய அணியின் தெரிவுக் குழாமுக்கு அழைத்தார்கள். அவரும், பின்னால் தேசிய அணியில் ஆடித் தெல்தெனியவில் விளையாட்டு ஆசிரியையான நிரோஷினியும் ஒரே பஸ்ஸில் கொழும்புக்குப் போனார்கள். நஸ்லியா அங்கே நன்றாகத்தான் ஆடினார். ஆனால் அந்த நாளில் சர்வதேசப் போட்டிகளில் தலையை மூடிக்கொண்டு ஆட விதி இடம் தரவில்லை. பயிற்றுநர் கெட்டவர் இல்லை, இரங்கித்தான் கேட்டார், “மேட்ச் அன்னிக்கி மட்டும் கழட்டேலாதா?”

“மேட்ச் அன்னிக்கி மட்டும் நான் வேற ஆளா சேர்?” என்று கேட்டுவிட்டு நஸ்லியா பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு மாலைதீவின் தலைநகர் மாலேக்கு வேலைக்குப் போனார். ஒரு கப்பல் கம்பனியில் கணக்குப் பிரிவு. அந்த ஊரில் பெண்கள் தலையை மூடிக்கொண்டே லீக் ஆடினார்கள். முதல் வருடம் பார்வையாளர், இரண்டாம் வருடம் மாற்று ஆட்டக்காரி, மூன்றாம் வருடம் அணித் தலைவி. கடலோரத் திறந்த கோர்ட், எப்போதும் காற்று. நேராக எறிந்த பந்து வளையத்துக்குப் பக்கத்தில் போய் விழும். அந்தக் காற்றோடு ஆடி மூன்று கிண்ணம் வென்றார். உலக அமைப்பு 2017இல் விதியை மாற்றியது. அந்தச் செய்தி வந்தபோது அவர் மாலேயில் இரண்டாவது கிண்ணத்தைக் கையில் வைத்திருந்தார். இங்கே யாருக்கும் அவர் ஞாபகம் வரவில்லை. கொரோனாக் காலத்தில் ஊர் திரும்பினார். இப்போது கண்டியில் பாடசாலைச் சீருடைக் கடை நடத்துகிறார். விளையாடும்போது அவிழாத தலைத்துணியையும் அவரே தைத்து விற்கிறார்.

அவர் பெயரைச் சுவருக்கு முன்மொழிந்தவன் நான். கூட்டம் அந்த டைல்ஸ் அறையிலேயே நடந்தது.

“வெளிநாட்டுல ஆடினது வெளிநாட்டுக்கு,” என்றார் ஹாஜியார். “எங்கட சுவருல போட எங்கட ஊருக்கு எனத்த செஞ்சீக்கி?”

அமெரிக்காவில் கூடைப்பந்துக்கென்றே ஒரு புகழ் மண்டபம் இருப்பதைச் சொன்னேன். அவர்களுடைய பெரிய லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடாத பிரேசில்காரருக்கும் ஐரோப்பியர்களுக்கும் அங்கே இடம் கொடுத்திருக்கிறார்கள். யார் எந்த நாட்டில் ஆடினார் என்று பார்க்கவில்லை, எப்படி ஆடினார் என்றுதான் பார்த்தார்கள் என்றேன்.

“அது அமெரிக்கா மகன். அவங்களுக்கு மண்டபம் ஈக்கி. எங்களுக்கு ஈக்கிறது ஒரு சுவர். டிகிரி முடிச்சா எல்லாத்துக்கும் அமெரிக்காவ இழுக்கிறதா?”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தெல்தெனியவுக்கு அப்பால் உள்ள எங்கள் ஊரிலிருந்து பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள் நான். அதை நெஞ்சை நிமிர்த்தித்தான் சொல்வேன். வேலைக்குப் போன இடமெல்லாம் எந்தப் பாடசாலை என்று கேட்டு, பெயரைச் சொன்னதும், கேள்விப்பட்டதே இல்லையே என்று உதட்டைப் பிதுக்கினார்கள். அவர்கள் எழுதிய அதே வினாத்தாளைத்தான் நானும் எழுதினேன். எங்கள் பாடசாலைக்கென்று யாரும் லேசான கேள்வி போட்டுத் தரவில்லை.

கடைசியில் ஹாஜியார் ஒரு வழி கண்டுபிடித்தார். கதவுக்குப் பின்னால் ‘நன்றிப் பலகை’ என்று சின்னதாக ஒன்று தொங்கும். அதில் நஸ்லியாவின் பெயரைப் போடலாம், ஆனால் அதற்குக் கோர்ட் உரிமை கிடையாது. இதைச் சொல்வதற்கு அவரையே வரவழைத்தார்கள். கதிரையில் உட்காரச் சொன்னார்கள். அவர் வாசலிலேயே நின்று கேட்டார்.

“நன்றிப் பலகையில போட நான் டைல்ஸ் தந்தேனா ஹாஜியார்?”

அறையில் யாரோ இருமினார்கள்.

“மகள், கோவப்படாம கேளுங்க...”

“கோவமில்ல. சுவருல முதல் பேரக் கொஞ்சம் வாசிச்சிக் காட்டுங்களேன்.”

ஹாஜியார் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கவும் வேண்டியதில்லை. முதல் வரியில் நீல மையில் இருப்பது ‘ஹபீல் - மாலே’. எண்பதுகளில் மாலைதீவிலிருந்து கண்டிக்குப் படிக்க வந்த மாணவர் அவர். எங்கள் கழகத்துக்கு மூன்று வருடம் ஆடி, முதல் அகில இலங்கைக் கிண்ணத்தை வாங்கித் தந்தவர். ஹாஜியாரின் உயிர்த் தோழர். அவர் பெயரைப் போடுவதா வேண்டாமா என்று யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

“ஹபீல் இங்க வந்து ஆடினவன்,” என்றார் ஹாஜியார். “நீங்க இங்கேந்து போய் ஆடினவங்க. ரெண்டும் ஒண்டா?”

“அப்ப கடல் ஒரு பக்கம் மட்டும்தான் உப்பா ஹாஜியார்? அங்கேந்து வந்தவரு எங்கட ஆளு. இங்கேந்து போனவ யாருட ஆளு?”

ஹாஜியார், விதி விதிதான், பொதுக்கூட்டத்தில் பார்ப்போம் என்று எழுந்துவிட்டார். வெளியே வந்ததும் நான், “தாத்தா, நிரோஷினி டீச்சர்ட பேரு சுவருல ஈக்கிதானே, அவங்கட நேரத்தக் கேட்டு எடுப்போமா?” என்றேன். எங்கள் வழக்கில் மூத்த சகோதரியைத் தாத்தா என்போம், அண்ணனை நாநா என்போம்.

“இன்னொருத்தர்ட பேருல உள்ளுக்கு வாறதுக்கு லொறி வளவே நல்லம்,” என்றார் நஸ்லியா. “ஞாயித்துக்கிழமை வா. செருப்பு வைக்கப் போறேன்.”

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் கோர்ட்டில் ஞாயிறு பின்னேரம் பொது ஆட்டம். அதற்குப் பெயர்ப் பதிவு கிடையாது. அடுத்து ஆட விரும்புகிற ஐந்து பேர் தங்கள் செருப்புகளைக் கோட்டோரம் வரிசையாக வைப்பார்கள். செருப்பை யார் வைத்தாலும் உள்ளே நிற்கிற அணி அவர்களோடு ஆடியே தீர வேண்டும். வென்றவர் நிற்பார், தோற்றவர் இறங்குவார். நேரம் குறைவென்றால் ஆளுக்கு ஒரு பந்து, வளையத்தை நோக்கித் தனி எறிதல். கழகத்துக்கு யாப்பு என்று சட்டவிதிகள் எழுதுவதற்கு முன்பிருந்தே இருக்கிற வழக்கம் இது. மந்திரி வந்தாலும் செருப்பு வைத்தால்தான் ஆட்டம்.

அந்த ஞாயிறு பொன்விழா தொடக்க நாள். கொடிகள் கட்டியிருந்தார்கள். சுவரில் பெயர் உள்ள பழைய ஆட்டக்காரர்கள் தொப்பைக்கு மேல் புது ஜெர்சியை இழுத்துவிட்டுக்கொண்டு காட்சி ஆட்டம் ஆடி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். அறிவிப்பாளர் மைக்கில் அடுத்த நிகழ்ச்சியைச் சொல்லப் போனபோது நஸ்லியா எழுந்து வந்தார். தன் செருப்பைக் கோட்டோரம் வைத்தார். பின்னால் அவரிடம் பழகும் ஷஹ்மாவும் இன்னும் இரண்டு பிள்ளைகளும் வைத்தார்கள். நான்கு சோடி. ஐந்தாவது ஆள் காய்ச்சலில் வரவில்லை.

“பொறகு பாப்போம் மகள், இன்னைக்கி விழா,” என்றார் ஹாஜியார்.

“இன்னைக்கி ஞாயித்துக்கிழமையும்தான்.”

“ஆம்புளைகளும் பொம்புளப் புள்ளைகளும் மோதி ஆடுறதா? நல்லாவா ஈக்கி?”

“மோத வேணாம். தனி எறிதல். நீங்க உங்கட பக்கம், நாங்க எங்கட பக்கம்.”

“நாலு பேருதானே ஈக்கிறீங்க!” என்று கதிரை வரிசையிலிருந்து ஒருவர் கத்தினார்.

அப்போதுதான் நிரோஷினி டீச்சர் எழுந்தார். சுவரில் பெயர் உள்ளவர், அதே புது ஜெர்சி போட்டிருந்தார். ஹாஜியார் கையைக் காட்டி, “டீச்சர், நீங்க எங்கட பக்கம்,” என்றார்.

“நாங்க ரெண்டு பேரும் கொழும்புக்கு ஒண்ணாத்தான் போனோம் ஹாஜியார்,” என்றார் டீச்சர். “நான் ஆடினேன், இவ ஆடல. என்னைவிட இவ நல்லா ஆடுவான்னு அன்னிக்கே எனக்குத் தெரியுங்க.” செருப்பைக் கழற்றி நஸ்லியாவின் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தார்.

கூட்டம் கைதட்டியது. விருந்தினர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செருப்பை மறுத்தவர் என்று கண்டியில் பெயர் வாங்க ஹாஜியார் தயாரில்லை. பந்தை எடுத்தார்.

சுவர்க்காரர்கள் முதலில் எறிந்தார்கள். அன்று ஏரிப்பக்கமிருந்து காற்று விட்டுவிட்டு வீசியது. இருவரின் பந்து காற்றில் விலகி வெளியே போனது. மூவர் போட்டார்கள். அதில் ஹாஜியாரும் ஒருவர். அறுபதைத் தாண்டிய கை, பந்து வளையத்தைத் தொடாமல் இறங்கியது. உண்மையைச் சொல்ல வேண்டும், நானும் கைதட்டினேன்.

பிறகு இவர்கள். டீச்சர் போட்டார். ஒரு பிள்ளை போட்டாள். ஷஹ்மாவின் பந்து வளையத்தில் முட்டித் திரும்பியது. அவள் அழப் பார்த்தாள். “அழுறதுக்கு வீடு ஈக்கி, இங்க நில்லு,” என்றார் நஸ்லியா. அடுத்த பிள்ளை போட்டாள். மூன்றுக்கு மூன்று. மீதி நஸ்லியா மட்டும்.

அவர் கோட்டில் நின்று பந்தைத் தட்டினார். எறியவில்லை. தலைக்கு மேலே கட்டிய கொடிகளைப் பார்த்துக்கொண்டே தட்டினார்.

“என்னா தங்கச்சி, மாலேக்குப் போய்ட்டு வந்துரலாம் போல ஈக்கே!” என்றது ஒரு குரல்.

“மாலேயில வளையம் பதிவாக்கும், கைக்கு எட்டும்,” என்றது இன்னொன்று.

நஸ்லியா திரும்பாமலே சொன்னார். “பத்தடி நாநா. இங்கயும் பத்தடி, அமெரிக்காவுலயும் பத்தடி. அங்க கூடுதலா காத்தும் ஈக்கி.”

காற்று நின்று கொடிகள் ஒரு கணம் தொய்ந்தன. பந்து கையை விட்டுப் போனது. வலை மட்டும் அசைந்தது.

பிள்ளைகள் போட்ட கூச்சலில் அறிவிப்பாளரின் மைக் எடுபடவில்லை. சுவர்க்காரர்கள் வழக்கப்படி கோட்டுக்கு வெளியே இறங்கினார்கள். வென்றவர் நிற்க வேண்டும், நின்றார்கள். அதற்குப் பிறகு செருப்பு வைத்த இரண்டு அணிகளும் வந்த வழியே போயின. அந்தித் தொழுகைக்கு மஃரிப் பாங்கு சொல்லும்வரை கோர்ட் அவர்களுடையதாக இருந்தது.

பாங்கு முடிந்து செருப்பை மாட்டும்போது ஹாஜியார் வந்தார். “மகள், சனிக்கிழமை காலையில ஒரு மணித்தியாலம் புள்ளைகளக் கூட்டி வாங்கோ. நான் செல்லி வைக்கிறேன். பேரு வேற விசயம்.”

“நேரத்த நாங்க வென்டு எடுத்தது ஹாஜியார், நீங்க தரல்ல. பேரையும் அப்பிடித்தான் எடுப்போம். எங்கட செருப்பு தேயிறதுக்குள்ள உங்கட ஆக்கள் களைச்சிருவாங்க.”

ஹாஜியார் சிரித்துவிட்டார். “ஹபீல் இருந்தா இந்த வாயிக்குக் கட்டாயம் ரெண்டு ஓட்டுப் போட்டிருப்பான்.”

இன்றைக்கு நிலைமை இது. பிள்ளைகள் சனிக்கிழமை வருகிறார்கள், லொறிக்கு வழிவிடாமல் ஆடுகிறார்கள். பெயர் இன்னும் ஏறவில்லை. ஆனால் சுவரில் பெயர் எழுதுகிற தம்பியிடம் ஹாஜியார் கடைசிப் பெயருக்குக் கீழே ஒரு வரி விடச் சொல்லியிருக்கிறார். பொதுக்கூட்டம் அடுத்த மாதம். அதற்கு நான் இரண்டு வாக்கியம்தான் தயாராக வைத்திருக்கிறேன். வெளிநாட்டில் ஆடியது கணக்கில் இல்லையென்றால், ஹபீலுக்குக் கண்டியும் வெளிநாடுதான், முதல் வரியையும் அழியுங்கள். முதல் வரி நிற்குமென்றால் கடைசி வரியை நிரப்புங்கள்.

அந்த இடத்தில் எதை எழுத வேண்டும் என்று நஸ்லியா தாத்தாவிடம் கேட்டேன். கடையில் ஒரு தலைத்துணிக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தார்.

“பேருக்குப் பக்கத்துல மாலேன்னு போடச் செல்லு. அது இல்லாம எழுதினா நானே வந்து அழிச்சிருவேன்.”