கண் படம் போட்ட இரண்டு பக்கங்கள்

எங்கள் பதிப்பகத்துக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கெடிலம் ஆற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கிற விஷயத்தைத் தவிர வேறெதையும் அச்சிடுவதில்லை. உப்பங்கழி மீன்கள், வலை வகைகள், கடலோரச் செடிகள். கடலூரில் எங்கள் வீட்டு முன்னறைதான் அலுவலகம். நானும் என் வீட்டுக்காரரும்தான் முதலாளி, எடிட்டர், மூட்டை தூக்கி எல்லாம். "இதையெல்லாம் எவன் வாங்குவான்?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. அவர்கள் வாயை அடைப்பதற்கென்றே பத்துப் பன்னிரண்டு புத்தகம் போட்டுவிட்டோம் என்று நினைக்கிறேன்.

அதில் செடிப் புத்தகம் எனக்குச் செல்லம். எழுத்துத் தெரியாதவர்களும் புரட்டட்டும் என்று இடது பக்கம் நோயைப் படமாக வரைந்து, வலது பக்கம் செடியின் கலர் போட்டோ வைத்தோம். புத்தகம் கறுப்பு மையில் அச்சாகி வரும். கலர் படங்களைத் தனியாக அச்சடித்து வாங்கி, நாங்களே தரையில் உட்கார்ந்து பசை தடவி ஒட்டுவோம். கையால் ஒட்டிய புத்தகம் என்று எனக்கு ஏகப்பட்ட பெருமை வேறு.

அந்தப் புத்தகத்தில் கண் வரைந்த பக்கம் இரண்டு. ஒன்று, கண் சிவந்தால் ஊற்ற நந்தியாவட்டைச் சாறு. இன்னொன்று எச்சரிக்கை: தில்லை மரத்தின் பால் பட்டால் பார்வையே போய்விடலாம். சிதம்பரத்தில் தில்லை என்று பெயர் வைத்த கடைகளுக்குக் குறைவில்லை. மரத்தைப் பார்க்கப் பிச்சாவரம் பக்கம் போகவேண்டும். எச்சரிக்கைப் பக்கத்துக் கண்ணின் மேல் ஒரு பெருக்கல் குறி இருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

போன மழைக்காலத்தில் பிச்சாவரத்துக்குப் பக்கத்துக் குப்பம் ஒன்றில் மகளிர் குழுக் கூட்டம். அதற்காக அவசர அவசரமாக முப்பது பிரதி ஒட்டினேன். இருபத்தொன்பதை அவர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். மிஞ்சிய ஒன்றை இரண்டு நாள் கழித்துக் காலையில் சும்மா புரட்டினேன். சிவந்த கண்ணுக்கு எதிரே தில்லை இருந்தது.

நான் படங்களைக் கட்டுக்கட்டாக வைத்துக்கொண்டு ஒரே மூச்சில் ஒட்டுகிறவள். கட்டு மாறியிருந்தால் ஒன்று மட்டும் தப்பாகாது. முப்பதும் தப்புதான்.

"ஏங்க, இங்க வாங்க. இதப் பாருங்க."

பார்த்தார். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"கூட்டத்துக்கு ஒரு பொண்ணு கைக்கொழந்தையோட வந்துச்சு. கொழந்தைக்குக் கண்ணு செவந்திருந்துது. டாக்டர்ட்ட காட்டும்மான்னேன். புக்குலயும் மருந்து இருக்கு, படத்தப் பாத்துக்கன்னு..."

"சொன்னீங்களா?"

"சொல்லிட்டேன்."

அவரைத் திட்டக் கொதித்துக்கொண்டு வந்தது. ஒட்டியது யார்? போனை எடுத்தேன்.

குழுத் தலைவியின் போன் ஸ்விட்ச் ஆஃப். உடனே கிளம்பிச் சிதம்பரம் பஸ் ஏறினோம். சிப்காட் ரசாயன ஆலைகளைத் தாண்டும்போது எப்போதும் மூக்கைப் பொத்துவேன். அன்று வாடையே உறைக்கவில்லை. இரண்டு நாள். இரண்டு நாளில் எத்தனை தடவை ஊற்றியிருப்பாள்? அந்தக் குழந்தை இனிமேல் அம்மா முகத்தைப் பார்க்குமா? இதையே மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன். சிதம்பரத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். ஆட்டோக்காரருக்கு வீட்டுக்காரர்தான் வழி சொன்னார்.

குப்பத்தில் விசாரித்துக்கொண்டு போனபோது, வீட்டு வாசலில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை. பக்கத்தில் கவிழ்த்த வாளியின் மேல் எங்கள் புத்தகம் விரிந்து கிடந்தது. அதன் மேல் ஒரு தில்லைக் கொத்து.

"கண்ணுல ஊத்திட்டியாம்மா?" நான் கத்திய கத்தலில் குழந்தை வீறிட்டது.

"இல்லக்கா. இப்பத்தான் குளிப்பாட்டுனேன். இனிமேதான்..."

வீட்டுக்காரர் ஒரு குச்சியால் கொத்தைத் தள்ளிவிட்டார். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அய்யோ, இது தில்லைம்மா. கண்ணு போயிடும்."

"தெரியுங்க்கா" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தெரியுமா?"

"நண்டு புடிக்கப் போறப்ப இது பக்கத்துல வந்தாலே மூஞ்சியத் திருப்பிக்குவோம். சின்னப் புள்ளையிலேருந்து பாக்குற மரமாச்சே. அதான் ரெண்டு நாளா ஊத்தல, ரோசனையாவே இருந்துது." புத்தகத்தை விரலால் தொட்டாள். "அப்பறம், படிச்சவங்க படமே போட்டிருக்காங்க, நமக்குத்தான் தப்பாத் தெரிஞ்சிருக்குன்னு நெனச்சேங்க்கா."

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவள் என்னைச் சமாதானப்படுத்தினாள், கொடுமை. அதே ஆட்டோவில் அவளையும் குழந்தையையும் சிதம்பரத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். சாதாரணக் கண்வலிதான், சொட்டு மருந்தில் சரியாகிவிட்டது. திரும்பி வந்து வீடு வீடாக ஏறிப் புத்தகங்களை வாங்கினோம். இருபத்தெட்டு கிடைத்தன. ஒன்றை, கூட்டத்துக்கு விருந்தாளியாக வந்திருந்த யாரோ ஒரு பெண் ஊருக்கு எடுத்துப் போய்விட்டாள். எந்த ஊர் என்று கேட்டால் ஆளுக்கொரு ஊர் சொன்னார்கள். எல்லா ஊருக்கும் போய்ப் பார்த்துவிட்டோம், கிடைக்கவில்லை.

இப்போதெல்லாம் நான் ஒட்டினால் அவர் பார்க்கிறார், அவர் ஒட்டினால் நான் பார்க்கிறேன். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் மட்டும் எடுக்க எனக்குக் கை வரமாட்டேன் என்கிறது. அந்தப் பெண்ணும் தில்லை தெரிந்தவளாகத்தான் இருப்பாள் என்று வீட்டுக்காரர் சொல்கிறார். இவளுக்கும்தான் தெரிந்திருந்தது.