விரதம் என்று சொன்ன பட்டினி

என் தங்கையின் கல்யாணம் திருப்பத்தூரில் நடந்தது. பந்திக்கு நான் இலை போட்டுக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி ஓடிவந்து என் கையிலிருந்த இலைக்கட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நீங்க உக்காருங்கக்கா. மாசமா இருக்கையில இப்படிக் குனிஞ்சு நிமிரலாமா? எத்தனை மாசம்?"

அன்போடுதான் கேட்டாள். நான் மாசமாக இல்லை. முந்தின வருஷம் நாலாம் மாதத்தில் கலைந்துபோன கருவுக்குப் பிறகு எதுவும் தங்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்து இல்லையென்று சொல்ல வாய் வரவில்லை. "அஞ்சு" என்று சொல்லிவிட்டு, ஒரு நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையை வயிற்றின்மேல் இழுத்துவிட்டுக்கொண்டேன். கல்யாணம் முடியும்வரை எழுந்திருக்கவில்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு முப்பதுகூட ஆகவில்லை. கல்லலுக்குப் பக்கத்தில் மாட்டுவண்டி செய்யும் தச்சர் வீட்டில் பிறந்தவள் நான். கல்யாணம் ஆகும்வரை ஊருணித் தண்ணீரைச் சுமந்தேன், கம்பு குத்தினேன், கூழ் குடித்தேன். காரைக்குடியில் வாழ்க்கைப்பட்ட வீட்டில் வாசலிலேயே குழாய் இருந்தது. மாவரைக்க மில் இருந்தது. மூன்று வேளையும் அரிசிதான். கணவருக்கும் மரவேலைதான் தொழில். மாமியார் என்னைக் குறைவாக நடத்தியவரில்லை. மகன் பிறந்தபோது நல்லெண்ணெயும் கருப்பட்டியும் கொடுத்துத் தேற்றினார். கரு கலைந்தபோதும் அதையே செய்தார். உடம்பு தேறியது. தேறிக்கொண்டே போனது.

கல்யாண வீட்டிலிருந்து திரும்பியதும் சாப்பாட்டை நிறுத்தத் தொடங்கினேன். உடம்பைக் குறைக்கிறேன் என்று அந்த வீட்டில் சொல்ல முடியாது. சொன்னால் சிரிப்பார்கள், இல்லையென்றால் திட்டுவார்கள். அதனால் விரதம் என்றேன். முதலில் வெள்ளிக்கிழமை, அடுத்து செவ்வாய், பிறகு சோமவாரம், சஷ்டி, கார்த்திகை. மிச்ச நாட்களில், கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று கேட்டிருந்தபடி, ஒரு தம்ளர் கொள்ளுக் கஞ்சி.

இன்னொரு பிள்ளை வரம் வேண்டித்தான் இருக்கிறேன் என்று மாமியார் தாமாகவே நினைத்துக்கொண்டார். "எம் மருமக வாயைக் கட்டி விரதமிருக்கா, சாமி கண்ணைத் தொறக்காமலா போகும்?" என்று தெருவில் சொல்லிக்கொண்டு வந்தார். நான் மறுக்கவில்லை.

முதல் மாதம் ரவிக்கை தளர்ந்தது. அந்தச் சந்தோஷத்தில் பசிகூட இனித்தது. அதற்குப் பிறகு ஒன்றும் குறையவில்லை. அம்மா வீட்டுக்குப் போகும்போது காரைக்குடி ரயில் நிலையத்தில் எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறினேன். சீட்டு வந்து விழுந்தது. போன தடவை விழுந்த அதே எடை. இன்னும் சாப்பிடுகிறோம்போல என்று நினைத்து, கஞ்சியையும் பாதியாக்கினேன். சித்திரை வெயிலில் எனக்குக் கை கால் சில்லிட்டது. சீப்பில் முடி கொத்துக்கொத்தாக வந்தது. அம்மிக்கல்லை நகர்த்தப் போனால் மூச்சு வாங்கியது.

பிறகு மாதவிலக்கு நின்றது. இரண்டாவது மாதமும் வரவில்லை என்று தெரிந்ததும் மாமியார் என் நெற்றியில் திருநீறு பூசி அழுதார். எனக்கும் ஒரு நிமிஷம் நம்பத் தோன்றியது. மறுநாளே குதிரைவண்டி பிடித்து லேடி டாக்டரிடம் கூட்டிப்போனார்.

டாக்டரம்மா சோதித்துப் பார்த்தார். என் கண் இமையை இழுத்துப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார்.

"காலையில என்ன சாப்பிட்டே?"

"விரதம்."

"நேத்து?"

"நேத்தும் விரதந்தான்."

அவர் மாமியாரிடம் திரும்பினார். "கர்ப்பம் இல்லம்மா. இந்தப் பொண்ணு பட்டினி கிடக்குது."

"என்ன டாக்டரம்மா சொல்றீக? பிள்ளை வரத்துக்குல்ல விரதமிருக்கா!"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். "உடம்பு குறையணும்னுதான்" என்றேன்.

டாக்டரம்மா கோபப்படவில்லை. "நீ சாப்பாட்டை நிறுத்தினா, பஞ்சம் வந்துருச்சுன்னு உடம்பு பயந்துக்கும். கிடைக்கிறதை எரிக்காம இழுத்துப் பிடிச்சு வச்சுக்கும். அதான் குளிருது, தூரம் நின்னு போச்சு. கொழுப்பு கொஞ்சந்தான் குறைஞ்சிருக்கு, கூடவே தசையும் கரைஞ்சிருக்கு. அந்தத் தசைதாம்மா தின்னதை எரிக்கும். ஒழுங்காச் சாப்பிடு. அரிசியைக் குறைச்சிட்டு கேப்பை, கம்பு, பயறு, கீரை, முட்டைன்னு வச்சுக்க. தினமும் வேகமா நட. மெதுவாத்தான் குறையும்."

வண்டியில் திரும்பும்போது மாமியார் வெளியே பார்த்தபடியே சொன்னார்: "என் வீட்டுல சோத்துக்கா பஞ்சம்? சாமி பேரைச் சொல்லி ஏமாத்திட்டியேத்தா. தெருவுல எந்த முகத்தை வச்சுக்கிட்டு இறங்குவேன்?"

மறுநாள் காலை எனக்குக் கேப்பைக் களி கிண்டி வைத்திருந்தார். தட்டை என் முன்னால் சத்தம் கேட்கும்படி வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு என் சாப்பாட்டை ஒருநாளும் மறந்ததில்லை. என்னோடு முன்போல் பேசியதுமில்லை.

நடப்பது இன்னும் கஷ்டமாக இருந்தது. காரியமில்லாமல் ஒரு பெண் தெருவில் நடந்தால் கேள்வி வரும். "எங்குட்டுப் போறீக?" என்று வாசல்தோறும் கேட்டார்கள். கோயிலுக்கு என்று சொல்லியிருக்கலாம். மறுபடியும் சாமியை இழுக்க மனம் வரவில்லை. "சும்மா நடக்கப் போறேன்" என்றேன். முதுகுக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. கணவர் காதுக்கும் போனது.

"ஊரு சிரிக்குது, தெரியும்ல?" என்றார்.

"தெரியும். நான் நடக்கலைன்னா நீங்கதான் என்னைத் தூக்கிட்டு அலையணும்."

அவர் மரம் இழைக்கும் இழைப்புளியைத் துடைத்து வைத்தார். "வெயிலுக்கு முந்திப் போயிட்டு வந்துரு" என்றார். அவ்வளவுதான்.

ஊர் எல்லைவரை போய்த் திரும்புவேன். பசி மறுபடி வந்தது. பசித்தபோது சாப்பிடவே பயமாக இருந்தது. கவளத்தை எடுத்த கை பாதியில் நிற்கும். சில மாதங்களில் மாதவிலக்கு திரும்பியது. ஒரு வருஷத்துக்குமேல் ஆகி, உடம்பு கொஞ்சங் கொஞ்சமாக இளைத்தது. அம்மியை ஒரே தள்ளாகத் தள்ள முடிந்தது.

மறுபடி பிள்ளை தங்கவில்லை. "வயித்தைக் காயப்போட்டா; அப்புறம் எங்கிட்டுத் தங்கும்?" என்று மாமியார் உறவுக்காரர்களிடம் சொன்னது அடுப்படியில் நின்ற எனக்குக் கேட்டது. நான் பட்டினி கிடந்ததால்தானா என்று ஒருமுறை தனியாகப் போய் டாக்டரம்மாவிடம் கேட்டேன். "அதனாலதான்னு சொல்ல முடியாதும்மா" என்றார். அதனால் இல்லையென்று சொல்ல முடியுமா என்று கேட்க நினைத்தேன். கேட்காமலே எழுந்து வந்துவிட்டேன். பஸ் ஏற மனமில்லை. வீடுவரை நடந்தே வந்தேன்.