மத்தியானத்தில் குடில் பார்க்கிறவர்கள்

ஸ்ரீரங்கத்துக்கு எங்கள் சொந்தக்காரர்கள் யார் வந்தாலும், எங்கே எப்போது கூட்டம் இருக்காது என்று என்னிடம்தான் கேட்பார்கள். மியூசியத்துக்குத் திறந்தவுடனே போய்விட வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் முசிறிப் பக்கத்துப் பள்ளிக்கூடப் பஸ்கள் வந்துவிடும். அப்படித் தவறவிட்டால், பிள்ளைகள் மரத்தடியில் தயிர்சாதம் பிரிக்கிற நேரம் பார்த்து நுழையலாம். கியூ என்றால் எனக்குப் பிறவியிலேயே ஆகாது. "இவன் வைகுண்டத்துக்கும் கூட்டம் இல்லாத நாளா பாத்துத்தான் போவான்" என்பார் என் மாமா.

டவுனில் இருக்கும் மாதா கோயிலுக்கும் அப்படி ஒரு நேரம் வைத்திருந்தேன். கிறிஸ்துமஸ் குடில் பார்க்கச் சாயங்காலம் வரிசை ரோடு வரைக்கும் நீளும். மத்தியானம் போனால் ஈ காக்கா இருக்காது. கல்யாணமானதிலிருந்து நானும் என் மனைவியும் மத்தியானம்தான் போய்க்கொண்டிருந்தோம்.

இதற்கு மட்டும் என் அவசரபுத்தி காரணமில்லை. என் மனைவி அந்தக் கோயிலைச் சேர்ந்த கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவள். சாயங்கால வரிசையைக் கயிறு பிடித்து ஒழுங்குபடுத்துவது அவள் அப்பா, ரிடையரான வாத்தியார். ஸ்ரீரங்கத்துப் பையனான என்னைக் கட்டிக்கொண்ட பிறகு அவர் அவளோடு பேசுவதில்லை. எங்கள் வீட்டில் அந்த வருஷ ஆடிப்பெருக்கு வருவதற்குள் சமாதானமாகிவிட்டார்கள். அவர் ஆகவில்லை. போன் செய்தால் மாமியார்தான் எடுப்பார். பின்னால் டிவி சத்தம் கூடும்.

போன கிறிஸ்துமஸுக்கு நான் மத்தியானம் செருப்பை மாட்டினேன். அவள் அசையவில்லை.

"லைட் போடாத குடிலையே எத்தனை வருஷம்ங்க பாக்கறது? சாயங்காலம் போவோம்."

"உங்கப்பா இருப்பாரே."

"இருக்கட்டும். பேசலைன்னா பேசாம போறார். அவர் முன்னாடி ஒரு தடவை நான் நிக்கணும்."

டவுன் பஸ் ஏறிக் காவிரிப் பாலம் தாண்டிப் போனோம். வரிசையில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் இவள் உடைந்துபோவாள் என்று எனக்குப் பயம். வாழ்க்கையிலேயே முதல்முறையாக, வரிசை மெதுவாக நகரட்டும் என்று வேண்டிக்கொண்டேன். பெருமாளையா மாதாவையா என்று ஞாபகமில்லை.

மாமனார் கொஞ்சம் பேரை உள்ளே விட்டு, அவர்கள் வெளியேறியதும் அடுத்தவர்களை விட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் கயிற்றருகே போய்விட்டோம். அவளைப் பார்த்தார். சரியாக அவளுக்கு முன்னால் கயிற்றைக் குறுக்கே இழுத்துவிட்டார்.

உள்ளே தாராளமாக இடம் இருந்தது. பின்னாலிருந்து ஒருவர், "இடம் இருக்கே சார், விடுங்களேன்" என்றார்.

"இருக்கட்டும். கொஞ்சம் நிக்கட்டும்" என்றார் மாமனார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இத்தனை பேர் முன்னால் வைத்துப் பழி தீர்க்கிறாரே என்று நினைத்தேன். பிறகுதான் அவர் கண் அவளை விட்டு நகராததைப் பார்த்தேன். உள்ளே இருந்தவர்களெல்லாம் வெளியே போய்விட்டார்கள், அப்போதும் கயிறு இறங்கவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிற மகளை அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை.

"இளைச்சுட்டியேம்மா" என்றார்.

"நல்லாத்தாம்ப்பா இருக்கேன்" என்றாள் அவள். கண்ணிலிருந்து தண்ணீர் அது பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

என் பக்கம் திரும்பி, "வாங்க" என்றார். தலையை ஆட்டினேன்.

கயிற்றை இறக்கும்போது அவளிடம் சொன்னார்: "பாத்துட்டு அந்தப் பக்கமா வெளிய போயிடாத. இப்படியே திரும்பி வா."

குடில் பார்த்துவிட்டு, வருகிற கூட்டத்துக்கு எதிராக நாங்கள் இடித்துக்கொண்டு திரும்பினோம். ஒருவர் கையை நீட்டி மறித்தார். "ஏங்க, இது உள்ள போற வழிங்க."

"தெரியும் தம்பி" என்று கயிற்றருகிலிருந்து மாமனார் குரல் கொடுத்தார். "எம் பொண்ணு வருது. வழி விடுங்க."