'மற்றவை' என்றொரு கோடு

ஹைதராபாத்தில் ஒரு பொதுச் சுகாதார ஆய்வு மையத்தில் கள ஆய்வாளர் வேலை. அதுதான் என் முதல் வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான், சமூகவியல் எம்.ஏ. காசநோய் மாத்திரையைப் பாதியில் விட்டவர்களை வீடு தேடிப் போய், ஏன் விட்டார்கள் என்று கேட்டு, படிவத்தில் அதற்குரிய எண்ணைப் போட வேண்டும். 'விழிப்புணர்வு இல்லை' என்றால் 1. கடைசியில் 'மற்றவை' என்று ஒரு கோடு. அதில் எழுதினால் டேட்டா என்ட்ரி பிரிவு படிவத்தைத் திருப்பி அனுப்பிவிடும். அதனால் நாங்கள் யாரும் அதைத் தொடுவதில்லை.

செகந்திராபாத் ரயில்வே குடியிருப்பை ஒட்டி செல்வி அக்காவின் வீடு. ஐ.டி. கம்பெனி ஒன்றில் ஹவுஸ்கீப்பிங் வேலை. மூன்று வாரமாக மாத்திரை சாப்பிடவில்லை. இருமிக்கொண்டே பதில் சொன்னார். நான் 1 போட்டேன்.

"என்ன தம்பி எழுதினே? படிச்சுக் காட்டு."

படித்தேன்.

"ஹவ், ஆமா, எனக்குத்தான் விழிப்புணர்வு இல்ல! நடுவுல விட்டா நோய் முத்திரும், அப்புறம் மருந்து கேக்காதுன்னு உனக்கு நான் பாடம் எடுக்கவா? ஆஸ்பத்திரில மாத்திரை குடுக்கிறது ஒன்பதரைக்கு. அவங்க கண்ணு முன்னாடிதான் முழுங்கணும். கம்பெனி வேன் வர்றது ஆறரைக்கு. வேனை விட்டா வேலை போச்சு. இப்பத்தானே சொன்னேன், அதை எங்கே போட்டே?"

எங்கும் போடவில்லை. யாரோ எழுதிய மனுக்களில் கைநாட்டு வைத்தவர் என் அப்பா. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவே பயப்படுவார். அவர் மகன் நான், இந்த அக்கா சொல்லாததை எழுதிவிட்டு நின்றேன்.

1-ஐ அடித்துவிட்டு, அவர் சொன்னதை அப்படியே 'மற்றவை'யில் எழுதினேன்.

படிவம் திரும்பி வந்தது. இந்தக் காரணத்துக்கும் ஓர் எண் வேண்டும் என்று திட்ட இயக்குநர் மேடத்திடம் கேட்டேன். அவர் ஹைதராபாத் அல்வாலில் வளர்ந்த தமிழர். "ஒரு வீட்டுக்காக ஃபார்மை மாத்தச் சொல்றியா?" என்றார்.

"ஒரு வீடுதானான்னு தெரியல மேடம். நான் 1 போட்ட வீட்டுக்கெல்லாம் திரும்பப் போறேன்."

"ஒரு வாரம் தர்றேன். அதுக்கு மேல நக்கோ, கிடையாது."

போனேன். வேலை நேரம், வேன் நேரம் என்றுதான் பலரும் சொன்னார்கள். முதல் தடவையும் சொல்லியிருந்தார்கள்.

மேடம் ஒவ்வொரு படிவமாகப் படித்தார். ஆய்வு அறிக்கையில், விழிப்புணர்வுச் சுவரொட்டி ஒட்டச் சொன்ன பரிந்துரைக்கு மேலே, மாத்திரை கொடுக்கும் நேரத்தை மாற்ற வேண்டும் என்ற வரி ஏறியது.

அறிக்கை நடைமுறைக்கு வரும்வரை செல்வி அக்காவின் நெஞ்சு காத்திருக்காது. வீட்டார் அல்லாத பொறுப்பான ஒருவர் மாத்திரை கொடுக்கலாம் என்று விதி இருந்தது. மேடமே ஆஸ்பத்திரியில் பேசினார். மறுபடி சளிப் பரிசோதனை செய்து, டாக்டர் சொன்னபடி புது மாத்திரைப் பெட்டி, வேன் நிற்கும் இடத்து டீக்கடை யாதகிரியிடம் வந்தது.

முதல் நாள் காலை நானும் போய் நின்றேன். அக்கா விழுங்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"யாதகிரி டீயில சக்கரை கம்மி. இதையும் 'மற்றவை'யில போடு தம்பி."

வேன் வந்தது. ஏறிப் போனார்.

அன்றிலிருந்து, படிவத்தை மூடும் முன் அவரவர் பதிலை அவரவருக்குப் படித்துக் காட்டுகிறேன். ஒரு வீட்டுக்குப் பத்து நிமிடம் கூடுதலாகும். "நான் அப்படிச் சொல்லலியே" என்பார்கள் சிலர். அடித்துவிட்டு எழுதுவேன்.