மூச்சுத் துளையில் ஒரு பல்குச்சி

கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். மனைவிகூடக் கோபம் வந்தால், "வாங்க மாஸ்டர்" என்பாள். ஓட்டுகிறவன் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியிலும் ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு, அடுத்தவன் செய்யப்போகும் தப்பை முன்கூட்டியே மோப்பம் பிடிக்கும் பிழைப்பு. வருடக்கணக்கில் அப்படி உட்கார்ந்தால், தப்பு என்பது எப்போதும் பக்கத்து சீட்டில்தான் இருக்கும் என்ற நினைப்பு யாருக்கும் வந்துவிடும். அவருக்கும் வந்திருந்தது.

வீட்டுக் கூடத்தில் அவர் ஒரு பெரிய மீன்தொட்டி வைத்திருந்தார். அதன் முதுகில் தொங்கிய வடிகட்டிப் பெட்டி இரவும் பகலும் குறட்டை விட்டது. அதே கூடத்தின் மறுமூலையில் தையல் மெஷினோடு காலம் தள்ளும் மனைவி ஒருநாள், "ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று சொல்லிவிட்டாள். மீன்களை விட மனமில்லை, மனைவியை விட வழியில்லை. மாஸ்டர் போய்க் குழாய் வாங்கிவந்தார்.

தொட்டி நிற்கும் மேசைக்கு அடியில், அலமாரிக்குள் ஒரு சின்னக் கீழ்த்தொட்டி. நீர்மட்டத்தை ஒட்டி வாய் வைத்து, மேல்தொட்டியின் விளிம்பைத் தாண்டி வளைந்து இறங்கும் குழாய் வழியாகத் தண்ணீர் கீழே வரும். கீழே பஞ்சும் கல்லும் அதைச் சுத்தம் செய்யும். அங்கே முங்கிக் கிடக்கும் சின்ன மோட்டார், இன்னொரு குழாய் வழியாக அதை மறுபடி மேலே தள்ளும். சத்தம் போடும் சாமான் எல்லாம் அலமாரிக் கதவுக்குப் பின்னால் போய்விடும்.

குழாய் பிடிக்க மைத்துனன் வந்தான். மனைவியின் தம்பி, முப்பது தாண்டியும் ஒரு வேலையிலும் கால் ஊன்றாதவன். வீட்டில் அவனுக்குப் பேர் பூகம்பம். நடந்தால் டம்ளர் விழும், உட்கார்ந்தால் நாற்காலி முறியும். மாஸ்டரிடமே கார் பழக வந்து, பயிற்சிப் பள்ளியின் கேட்டையே சாய்த்த புண்ணியவான். அதனால் அறுப்பது, பசை தடவுவது எல்லாம் மாஸ்டர். அவனுக்குப் பிடிப்பதும் விடுவதும் மட்டும்.

"நான் சொன்னா மட்டும் விடு, மாப்ள. நீயா எதையும் தொடாத."

"சரி மாமா."

வளைந்த குழாயில் முதன்முதலாகத் தண்ணீர் ஏற, காற்றை வாயால் உறிஞ்சி எடுக்க வேண்டும். மாஸ்டர் மூச்சைக் கட்டி உறிஞ்சியதில் மீன் குளித்த தண்ணீர் ஒரு மிடறு உள்ளே போய்விட்டது. அக்காவும் தம்பியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. கரண்ட் போனால் மோட்டார் நின்றுவிடும். அப்போது தண்ணீரை மேலே ஏற்றிய குழாயே, கட்சி மாறி, மேல்தொட்டித் தண்ணீரைக் கீழே இழுக்க ஆரம்பிக்கும். கீழ்த்தொட்டி சின்னது, பொங்கி வழியும். அதற்காக அந்தக் குழாயில், மேல்தொட்டியின் நீர்மட்டத்தை ஒட்டி, சின்னதாக ஒரு துளை போட வேண்டும். தண்ணீர் கொஞ்சம் இறங்கியதும் துளைக்குள் காற்று புகுந்து இழுவை அறுந்துவிடும். மாஸ்டர் அதற்கு மூச்சுத் துளை என்று பேர் வைத்தார். ஸ்விட்சை அணைத்துக் காட்டினார். தண்ணீர் விரலளவு இறங்கிச் சட்டென்று நின்றது. மைத்துனன் கை தட்டினான்.

ஒரே குறை, மோட்டார் ஓடும்போது அந்தத் துளை பக்கவாட்டில் துப்பியது. முன்கண்ணாடியில் தண்ணீர் வழிந்து மீன்கள் மங்கலாகத் தெரிந்தன. பயிற்சிப் பள்ளி முதலாளி ஒருநாள் தொட்டியைப் பார்க்க வருவதாகச் சொன்னார். அவர் வருவதற்குள் கண்ணாடி பளிச்சென்று இருக்க வேண்டும் என்று மாஸ்டருக்கு ஆசை. பல் குத்தும் பல்குச்சி ஒன்றைத் துளைக்குள் செருகி, நீட்டிக்கொண்டிருந்ததை ஒடித்தார். இன்றைக்கு மட்டும்தானே என்று நினைத்துக்கொண்டார். முதலாளி பார்த்தார், "கில்லாடிய்யா நீ" என்றார். அந்தப் பாராட்டின் மப்பில் குச்சி மறந்துபோனது.

மறுநாள் புருஷனும் பெண்சாதியும் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கும் மகளைப் பார்க்கப் போனார்கள். வீட்டுக்கும் மீனுக்கும் காவல் பூகம்பம்.

அவர்கள் சாயங்காலம் திரும்பி வந்தபோது கூடம் குளமாகக் கிடந்தது. மனைவி தைத்துத் தரையோரம் அடுக்கியிருந்த பள்ளிச் சீருடைகள் எல்லாம் நனைந்து, கருநீலக் கால்சட்டைகளின் சாயம் வெள்ளைச் சட்டைகளில் இறங்கியிருந்தது. மைத்துனன் முழங்காலிட்டுத் துணியால் ஒற்றி வாளியில் பிழிந்துகொண்டிருந்தான்.

"கரண்ட் போச்சுக்கா. தரையில படுத்திருந்தேன், முதுகு நனைஞ்சுது. எந்திரிச்சுப் பார்த்தா தண்ணியாக் கொட்டுது. என்ன பண்றதுன்னே தெரியல. குழாயைப் புடிச்சு வெளிய இழுத்துட்டேன்."

அக்காவின் காதில் கடைசி வாக்கியம் மட்டும்தான் ஏறியது. "குழாயை இழுத்தியா? தொடாதன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுத்தானடா போனாரு!"

மாஸ்டர் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் தொட்டியிடம் போனார். மீன் மேல் எவ்வளவு பாசம் என்று மனைவி நினைத்திருப்பாள். குழாய் விளிம்பில் சாய்ந்து கிடந்தது. துளையில் குச்சி அப்படியே இருந்தது. தண்ணீர் பாதித் தொட்டியில் நின்றிருந்தது. குழாயின் வாயோ அடிமட்டம் வரை இறங்குகிற நீளம். ஒரே பார்வையில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வழிந்தது இவன் இழுத்ததால் இல்லை; இழுத்ததால்தான் நின்றது. இல்லையென்றால் மீன்கள் கல்லின் மேல் துள்ளிச் செத்திருக்கும்.

அவர் நகத்தால் குச்சியைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். திரும்பி நின்று, பெரிய மனுஷன் மாதிரி, "சரி விடு. தெரியாம செஞ்சுட்டான்" என்றார்.

மன்னித்தார்! அதை நினைத்தால்தான் பிற்பாடு அவருக்கு உடம்பு கூசும். பொய் சொல்வது ஒன்று, பழியை அடுத்தவன் தலையில் கட்டுவது ஒன்று. கட்டிவிட்டு அவனையே மன்னிப்பதற்கு எந்தக் கடையில் நெஞ்சு வாங்கினார் என்று தெரியவில்லை.

மனைவி மறுபடி துணி வெட்டி, முதுகு ஒடியத் தைத்தாள். மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து பட்டன் வைத்தார். "என் தம்பி பண்ணின வேலைக்கு நீங்க கஷ்டப்படறீங்க" என்றாள் அவள். ஊசி விரலில் ஏறியது. நன்றாக ஏறட்டும் என்று இருந்தது அவருக்கு.

மைத்துனன் அதன்பிறகு அந்தத் தொட்டியைக் கடக்கும்போது இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தான். ஒருமுறை தானாகவே கேட்டான்.

"மாமா, நான் இழுத்ததாலதான் வழிஞ்சுதா? இல்ல, வழிஞ்ச பிறகுதான் இழுத்தேனா? எனக்கே இப்ப குழப்பமா இருக்கு."

சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. "அதெல்லாம் இப்ப எதுக்கு மாப்ள, விடு" என்றார் மாஸ்டர். வாயில் கொழுக்கட்டை என்றால் விழுங்கியாவது தொலைக்கலாம். இது விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கிடந்தது.

விஷயம் அதோடு நிற்கவில்லை. தெருமுனை நீச்சல் குளத்தின் மேலாளர், மோட்டார் அறையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினார். மாமனோடு சேர்ந்து குழாய் மாட்டியவன் என்று கேள்விப்பட்டு மைத்துனனைக் கூப்பிட்டனுப்பினார். வராது வந்த வேலை. அவனோ வேண்டாம் என்று சொல்லப்போகிறேன் என்றான்.

"தண்ணி, மோட்டார் ரெண்டும் எனக்கு ஆகாதுக்கா. அங்க சின்னப் பசங்க குளிப்பாங்க. எதையாவது தொட்டு வெச்சேன்னா?"

"அதுவும் சரிதான். குளத்துத் தண்ணியை ரோட்டுக்குக் கொண்டாந்துடுவ" என்றாள் அக்கா. அவன் சிரிக்கவில்லை. மறுநாள் சாயங்காலம் பதில் சொல்லியாக வேண்டும்.

மறுநாள் காலை மாஸ்டரிடம் ஒரு பள்ளி ஆசிரியை கார் பழகினார். திருப்பத்தில் ஓரமாக நின்ற சைக்கிளை இடித்துவிட்டு, சுற்றும் முற்றும் பார்த்து, வண்டியை நகர்த்தப் பார்த்தார். மாஸ்டர் தன் பக்கத்துப் பிரேக்கை ஓங்கி மிதித்தார்.

"இடிச்சா நிறுத்தணும்மா! இறங்கிப் பார்க்கணும்! இடிச்சுட்டுப் போறதுக்குப் பேரு டிரைவிங்கா?"

"பயந்துட்டேன் மாஸ்டர்."

"பயந்தாலும்..." என்று ஆரம்பித்தவர் பாதியிலேயே கதவைத் திறந்தார். அவரே இறங்கிப் போய்ச் சைக்கிளை நிமிர்த்தி வைத்தார். முகம் எரிந்தது.

சாயங்காலம் மைத்துனன் கையில் போனோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தான். மனைவி மெஷினில் இருந்தாள். மாஸ்டர் உள்ளே வந்து, தைத்த துணிகளையெல்லாம் அள்ளிக் கட்டில் மேல் வைத்தார். பிறகு புதுப் பல்குச்சி ஒன்றை எடுத்து மூச்சுத் துளையில் செருகி, ஒடித்தார்.

"என்னங்க பண்றீங்க?"

அவர் பதில் சொல்லவில்லை. சொன்னால் சொல்லும்போதே நல்லவன் மாதிரி சொல்லிவிடுவோம் என்று அவருக்குத் தன் மேலேயே நம்பிக்கை இல்லை. அலமாரிக் கதவைத் திறந்து வைத்து, மோட்டார் ஸ்விட்சை அணைத்தார்.

மேலே தண்ணீர் விரலளவு இறங்கியது. நிற்கவில்லை. கீழ்த்தொட்டி விளிம்பு வரை ஏறி, ததும்பி, தரையில் விழுந்தது.

"ஐயோ, வழியுதுங்க!" மனைவி காலைத் தூக்கிக்கொண்டாள்.

மைத்துனன் போனை வைத்துவிட்டு எழுந்தான். கைகள் தாமாகப் பின்னால் கட்டிக்கொண்டன. மாமாவைப் பார்த்தான். மாமா அசையவில்லை. மீன்கள் அடிப்பக்கம் ஒதுங்க ஆரம்பித்தன. அவ்வளவுதான், அவன் பாய்ந்து போய்க் குழாயைப் பிடித்து வெளியே இழுத்தான். குழாய் ஒருமுறை உறுமி அடங்கியது. தண்ணீர் நின்றது.

"அன்னைக்கும் இதைத்தான் செஞ்சே, மாப்ள" என்றார் மாஸ்டர். "காப்பாத்தினவன் நீ. குச்சியைச் செருகினவன் நான். வந்ததும் அதை எடுத்துப் பையில போட்டுக்கிட்டேன்."

மைத்துனன் கையிலிருந்த குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது.

"நான் கேட்டேனே மாமா" என்றான் மெதுவாக. "கேட்டேன்ல?"

"கேட்ட. வெட்கமா இருந்துச்சு. உன்மேல போட்டா யாரும் சந்தேகப்பட மாட்டாங்கன்னும் தெரிஞ்சுது."

அந்த இரண்டாவது வாக்கியம்தான் அவர் வாயிலிருந்து கஷ்டப்பட்டு வந்தது. மைத்துனன் குழாயை விளிம்பில் பத்திரமாகச் சாய்த்து வைத்தான். போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான்.

மனைவி உள்ளே போய் வாளியும் துணியும் கொண்டுவந்து புருஷனின் காலடியில் வைத்தாள். மாஸ்டர் முழங்காலிட்டார். வாசலிலிருந்து குரல் கேட்டது.

"சார், வரேன் சார். ஆமா, மோட்டார் பத்தித் தெரியும்."

பேசி முடித்துத் திரும்பி வந்தவன், மாமா தரையைத் துடைப்பதைப் பார்த்ததும் பழக்க தோஷத்தில் இன்னொரு துணியை எடுத்துக்கொண்டு குனிந்தான். அக்கா அவன் கையிலிருந்து துணியைப் பிடுங்கினாள்.

"நீ எந்திரிடா. உன் பங்கை அன்னைக்கே துடைச்சாச்சு."